குப்பை பொறுக்கினால் போதுமா? அடையாற்றின் எழுதப்படாத கணக்கு

செப்டம்பர் மாதம், மூன்றாவது சனிக்கிழமை, காலை ஆறரை மணி. அடையாறு கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் கல்லூரிப் பேருந்துகள் வரிசையாக வந்து நிற்கின்றன. ஒரே நிறத்தில் இருநூறு டீ-ஷர்ட். முதுகில் ஸ்பான்சரின் லோகோ, மார்பில் 'கடலைக் காப்போம்'. கையில் உறை, தலையில் தொப்பி. முதலில் பேனர் பிடித்து ஒரு போட்டோ. அப்புறம் ஒன்றரை மணி நேரம் குனிந்து நிமிர்ந்து பொறுக்கல். கட்டிய மூட்டைகளுக்கு முன்னால் இன்னொரு போட்டோ. எட்டரைக்கு டிபன். பிளாஸ்டிக் தாள் ஒட்டிய பொட்டலத்தில் பொங்கல், குட்டிக் கவரில் சட்னி, இன்னொரு குட்டிக் கவரில் சாம்பார், ஆளுக்கு ஒரு 200 மில்லி தண்ணீர் பாட்டில்! ஒன்பது மணிக்குப் பேருந்து கிளம்பிவிடும். என்.எஸ்.எஸ். மாணவர்கள் இரண்டு வருடத்தில் முடிக்க வேண்டிய 240 மணி நேரத்தில் மூன்று மணி நேரம் கழிந்துவிடும்.

கிண்டல் செய்வது சுலபம். சனிக்கிழமைத் தூக்கத்தை விட்டுச் சேற்றில் இறங்குகிற பத்தொன்பது வயதுப் பிள்ளைகளிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. வீட்டில் சாய்ந்துகொண்டு 'இந்த நாடு உருப்படாது' என்று திட்டுகிறவர்களைவிட அவர்கள் எவ்வளவோ மேல். குறை எங்கே இருக்கிறது என்றால், அவர்களுக்குக் கொடுக்கப்படாத ஒரு பொருளில். கையுறை கொடுத்தார்கள், தொப்பி கொடுத்தார்கள், பொங்கலும் கொடுத்தார்கள். ஒரு தாளும் பேனாவும் மட்டும் கொடுக்கவில்லை. என்ன பொறுக்கினார்கள், எத்தனை பொறுக்கினார்கள், அது யார் தயாரித்தது, எந்த வாய்க்கால் வழியாக வந்தது? பெரும்பாலான நிகழ்ச்சிகளில் இதை யாரும் எழுதுவதில்லை. 'இரண்டு டன் அகற்றப்பட்டது' என்று ஒரே வரியில் செய்தி வரும். அடுத்த மழைக்கு அதே இரண்டு டன் அதே இடத்தில் வந்து உட்காரும்.

கணக்கு எழுதாத கடை நஷ்டத்தில் போவது கடைக்காரனுக்கே தெரியாது. அடையாற்றின் கதையும் அதுதான்.

முதலில் அந்த இடத்தைக் கொஞ்சம் பார்க்கலாம். ஆதனூர் பக்கத்து ஏரிகளில் பிறந்து, விமான நிலைய ஓடுபாதைக்கு அடியில் நுழைந்து, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் தாண்டி, சுமார் 42 கிலோமீட்டர் வந்து கடலைச் சேருகிறது அடையாறு. சேருவதற்கு முன்னால் அகன்று, வடபுறம் கிபிள் தீவைச் சுற்றி ஒரு உப்பங்கழியாக வளைகிறது. ஒரு கரையில் சீனிவாசபுரம், மறு கரையில் பிரம்மஞான சபையின் மரங்களும் ஊரூர் குப்பமும். 'ப்ரோக்கன் பிரிட்ஜ்' என்று சினிமாக்காரர்கள் புகழ் சேர்த்த உடைந்த பாலம் நடுவில். வேலைக்குப் போகிறவர்கள் திரு.வி.க. பாலத்தின் மேல் பேருந்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு கடக்கும் இடம் இதுதான்.

மூக்கைப் பிடிப்பவர்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் கலக்கும் இந்தச் சேறு, தரையிலேயே மிகச் செழிப்பான தரைகளில் ஒன்று. ஓதம் ஏறும்போது மூழ்கும், இறங்கும்போது வெளியே தெரியும். அந்தச் சேற்றுக்குள் புழு, சின்ன நண்டு, சிப்பி. மேலே மடவை மீன் குஞ்சுகளும் இறால் குஞ்சுகளும் வளரும் ஆழமில்லாத தண்ணீர். இவற்றைத் தின்ன நெடுங்கால் உள்ளானும் கொக்கும் நீர்க்காகமும். ஐப்பசி, கார்த்திகையில் வடக்கிலிருந்து வலசை வரும் பறவைகளுக்கு இது வழியில் உள்ள சாப்பாட்டுக் கடை. அதன் பக்கத்து மணலில் ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறுகின்றன. இத்தனையும் ஒரு கோடி பேர் வாழும் பெருநகரத்தின் நடுவில்.

இங்கே ஒரு பிளாஸ்டிக் கவர் வந்து படுத்தால் என்ன ஆகும்? பார்க்க அசிங்கமாக இருக்கும் என்பதோடு முடிவதில்லை. சேற்றின் மேல் ஒரு தாள் ஒட்டிக்கொண்டால் அதன் அடியில் காற்றுப் போகாது, வெளிச்சம் போகாது. சேறு கறுத்து அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். புழு சாகும், நண்டு வளை தோண்ட முடியாது. மேலே நின்று அலகால் குத்திப் பார்க்கும் பறவைக்கு ஒன்றும் கிடைக்காது. அலையாத்தி மரத்தின் வேர்கள் மூச்சு விடுவதற்காகச் சேற்றுக்கு மேலே குச்சி குச்சியாக நீட்டிக்கொண்டிருக்கும். அதில் கவர் சுற்றினால் மரத்தின் மூக்கை அடைத்தது போல. தெர்மாகோல் உதிர்ந்தால் குருணை குருணையாக மிதந்து மீன் முட்டை போலவே இருக்கும். பிய்ந்த வலையும் பட்ட நூலும் பறவையின் காலைச் சுற்றும். ஒரு கவர் ஒரு சதுர அடி நிலத்தை மூடுகிறது என்று வைத்துக்கொண்டால், பத்தாயிரம் கவர் எத்தனை பறவையின் சாப்பாட்டை மூடுகிறது என்று கணக்கில் புலிகள் போட்டுப் பார்க்கலாம்.

ஆகவே, குப்பையை எடுக்க வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. எடுத்தால் பலன் உண்டு என்பதற்கும் அந்தக் கழியிலேயே சாட்சி இருக்கிறது. கட்டட இடிபாடும் குப்பையும் கொட்டி மேடாகிப் போன 58 ஏக்கரைச் சுத்தம் செய்து, ஓதத் தண்ணீர் உள்ளே வர வழி வெட்டி, அலையாத்தி நட்டு, 2011 ஜனவரியில் தொல்காப்பியப் பூங்கா என்று திறந்தார்கள். தண்ணீர் வந்தது, மீன் வந்தது, பறவையும் வந்தது. கூப்பிடாமலே வந்தன. செத்துப்போன இடம் என்று எதையும் முடிவு கட்டிவிட முடியாது.

இப்போது கரைக்குத் திரும்பி, என்ன கிடக்கிறது என்று குனிந்து பார்க்கட்டும். ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். செய்தித்தாள் கட்டு கிடக்காது. இரும்பு, பித்தளை, அலுமினியம் கிடக்காது. உடையாத பீர் பாட்டில் கிடந்தால் மதியத்துக்குள் காணாமல் போகும். கோணியைத் தோளில் போட்டுக்கொண்டு வருகிறவர் பெட் பாட்டிலையும் விடமாட்டார். கால் வைக்க முடியாத சேற்றிலும் முட்புதரிலும் சிக்கியது மட்டும்தான் மிஞ்சும். அப்படியானால் குவியலாகக் கிடப்பது என்ன? ஷாம்பு சாஷே, சிப்ஸ் பாக்கெட், பிஸ்கட் உறை, பாக்குப் பொட்டலம், எண்ணெய்க் கவர், மெல்லிசு கேரி பேக், தெர்மாகோல், டயப்பர், பிய்ந்த செருப்பு.

இந்த இரண்டு பட்டியலுக்கும் என்ன வித்தியாசம்? முதல் பட்டியலைக் காயலான் கடைக்காரர் காசு கொடுத்து வாங்குவார். இரண்டாவதைச் சும்மா கொடுத்தாலும் வாங்க மாட்டார். அவ்வளவுதான் வித்தியாசம்!

இதை ஒரு நிமிடம் யோசித்துப் பார்க்க வேண்டும். இரண்டையும் பயன்படுத்துவது அதே ஜனங்கள். அதே வீடு, அதே தெரு, அதே கை. பழைய பேப்பரை மாதக் கடைசி வரை அடுக்கி வைக்கும் அதே அம்மா, சாஷேயைக் கிழித்து ஜன்னல் வழியாக எறிகிறார். 'நம்ம ஜனங்களுக்குப் பொது ஒழுக்கம் கிடையாது சார்' என்று சொல்லிப் பெருமூச்சு விடுகிறவர்கள், இந்த ஒழுக்கம் பேப்பர் விஷயத்தில் மட்டும் எங்கிருந்து முளைக்கிறது என்று சொல்ல வேண்டும். ஒழுக்கம் மாறவில்லை. விலை மாறுகிறது. விலை உள்ளது வீட்டுக்குள் இருக்கிறது. விலை இல்லாதது ஆற்றுக்குப் போகிறது.

விலை இல்லாதபடி அதைத் தயாரித்தது யார்?

சாஷே பிறந்த கதை தமிழ்நாட்டுக் கதை. கடலூர் சின்னிகிருஷ்ணன் 1970-களில் 'வெல்வெட்' ஷாம்புவைச் சின்னப் பொட்டலத்தில் அடைத்தார். அவர் மகன் சி.கே.ரங்கநாதன் 1983-ல் 'சிக்' ஷாம்புவோடு அதே வழியில் இறங்கினார். பாட்டில் ஷாம்பு பணக்காரச் சமாச்சாரமாக இருந்த காலத்தில், கூலி வேலைக்குப் போகும் பெண்ணும் சில்லறைக் காசில் தலை குளிக்க முடிந்தது. அதைக் கேவலமாகப் பேசுவது அநியாயம். வியாபாரம் படிக்கிற பிள்ளைகளுக்கு இன்றும் பாடமாக நடத்துகிறார்கள், நடத்த வேண்டியதும்தான்.

ஆனால் அந்தப் பாடத்தின் கடைசிப் பக்கம் கிழிந்திருக்கிறது. இன்றைக்குப் பெட்டிக்கடை வாசலில் சரம் சரமாகத் தொங்கும் பொட்டலங்களில் பெரும்பாலானவை, ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டிய பல அடுக்குத் தாள்கள். ஈரம் புகாமல் இருக்க ஓர் அடுக்கு, அச்சடிக்க ஓர் அடுக்கு, மினுமினுப்புக்கு உலோகப் பூச்சு. பிரித்தெடுக்க லாயக்கில்லை. பிரித்தெடுக்க முடியாததை உருக்கி விற்க முடியாது, விற்க முடியாததை வாங்க ஆளில்லை. கம்பெனியின் காஸ்ட் ஷீட்டில் மூலப்பொருள் உண்டு, பேக்கிங் உண்டு, லாரி வாடகை உண்டு, டீலர் கமிஷன் உண்டு, நடிகைக்குக் கொடுத்த சம்பளமும் உண்டு. கிழித்த பிறகு அந்தப் பொட்டலத்துக்கு ஆகும் செலவு என்று ஒரு வரி இருக்காது. செலவு இல்லாததால் அல்ல. அதை வேறு யாரோ கட்டுவதால்.

ஒருவர் லாபம் எடுக்க, அதன் செலவு சம்பந்தமே இல்லாத இன்னொருவர் தலையில் விழுவதைப் பற்றி ஏ.சி.பிகு என்ற பொருளியல் அறிஞர் 1920-லேயே எழுதி வைத்துவிட்டார். 'எக்ஸ்டர்னாலிட்டி' என்று பரீட்சையில் ஐந்து மார்க்குக்கு வரும். புத்தகத்தில் உதாரணமாக ஆலைப் புகை இருக்கும். அடையாற்றங்கரையில் உதாரணம் தானே மிதந்து வருகிறது. அங்கே செலவைக் கட்டுகிறவர்கள் யார்? வெறுங்கையால் சாக்கடை அடைப்பை எடுக்கும் தூய்மைப் பணியாளர். வலையை இழுத்தால் மடவைக்குப் பதில் கவர் வருகிறது என்று தலையில் அடித்துக்கொள்ளும் மீனவர். மழைநீர் வாய்க்கால் அடைத்துக்கொண்டு வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தவர். கடைசியாக, கேள்வி கேட்க வாயில்லாத உள்ளானும் நண்டும். இந்தப் பட்டியலில் புதிதாகச் சேர்ந்தவர்கள்தான் டீ-ஷர்ட் போட்ட மாணவர்கள். கம்பெனி கட்டாத பில்லைத் தங்கள் முதுகெலும்பால் கட்டிவிட்டு, அந்தக் கம்பெனியின் லோகோவையே முதுகில் சுமந்துகொண்டு திரும்பிப் போகிறார்கள். இதைவிட மலிவான விளம்பரம் உலகத்தில் கிடையாது.

'எல்லாவற்றுக்கும் கம்பெனியைக் குறை சொல்வதா? போடுகிறவன் பொறுப்பில்லையா?' என்று கேட்பவர்கள் அமெரிக்காவின் ஒரு பழைய கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. 1953-ல் வெர்மாண்ட் மாநிலம், திருப்பிக் கொடுக்க முடியாத பீர் பாட்டில்களை விற்கத் தடை போட்டது. அதே ஆண்டு டின், பாட்டில், குளிர்பானத் தொழில்காரர்களின் ஆதரவோடு 'கீப் அமெரிக்கா பியூட்டிஃபுல்' என்ற அமைப்பு தொடங்கியது. அது பாடிய பாட்டு ஒன்றே ஒன்று: குப்பை போடும் மனிதன்தான் குற்றவாளி. பாட்டில் பற்றிப் பேச்சே இல்லை. வெர்மாண்ட் தடை 1957-ல் காலாவதியானது. 1971-ல் ஒரு செவ்விந்தியர் குப்பையைப் பார்த்துக் கண்ணீர் விடும் விளம்பரம் வந்து ஊரையே அழ வைத்தது. (நடித்தவர் செவ்விந்தியரே அல்ல, இத்தாலிய வம்சாவளிக்காரர் என்பது பின்னால் தெரிந்தது.) 'பொது ஒழுக்கம்' என்ற சொல்லை உபதேசம் செய்ய முதலில் காசு போட்டவர்கள் யார் என்று பார்த்தால், அந்தச் சொல்லை வாயில் எடுக்கும் முன் கொஞ்சம் யோசனை வரும்.

இன்னொரு கோஷ்டி உண்டு. 'ஆற்றோரக் குடிசைகளைக் காலி செய்தால் ஆறு தானாகச் சுத்தமாகிவிடும்' என்பார்கள். காலியும் செய்தார்கள். ஆற்றைச் சீரமைக்கிறோம் என்று கூவம், அடையாறு கரைகளிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பினார்கள். பெரும்பாக்கம் எங்கே இருக்கிறது? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டி! ஒரு நீர்நிலையைக் காப்பாற்ற ஏழைகளைத் தூக்கி இன்னொரு நீர்நிலையின் ஓரத்தில் போடுவதற்குப் பெயர் சீரமைப்பாம். போன குடும்பங்களுக்கு வேலை போனது, பிள்ளைகளுக்குப் பள்ளி தூரமானது. ஆறு மட்டும் இன்னும் அதே குப்பையைத்தான் சுமக்கிறது, ஏனென்றால் 42 கிலோமீட்டர் நீளத்துக்கும் இரண்டு பக்கமும் இருப்பது குடிசைகள் மட்டுமல்ல. குப்பை வண்டி வாசலுக்கே வராத சந்தில் வாழ்கிறவரைக் குப்பை போட்டதற்காகத் தண்டிப்பது என்ன நியாயம்?

பொறுக்கிய குப்பை எங்கே போகிறது என்ற கேள்வியும் இதோடு சேர்ந்ததுதான். மூட்டைகளோடு போட்டோ எடுத்தாயிற்று, லாரி வந்தாயிற்று. தென்சென்னைக் குப்பை பல பத்தாண்டுகளாகப் போன இடம் பெருங்குடி. அதுவும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மேலேயே அமைந்த கிடங்கு. அடையாற்றுப் பறவையைக் காப்பாற்ற எடுத்த கவர், பள்ளிக்கரணைப் பறவையின் தட்டில் போய் விழுந்தது. 2022-ல் பள்ளிக்கரணைக்கு ராம்சர் தகுதி கிடைத்தது. அதே காலத்தில், கொட்டிய குப்பையைத் தோண்டிப் பிரித்து எடுக்க மாநகராட்சி போட்ட திட்டத்தின் மதிப்பு சுமார் 350 கோடி ரூபாய். யாருடைய காசு? வரி கட்டுகிறவர் காசு. பொட்டலம் தயாரித்தவர் காசு அதில் எவ்வளவு என்று கேட்டால் சத்தம் வராது.

சரி, வேறு வழிதான் என்ன என்று கேட்கலாம். வழி நீலகிரியில் கிடைத்தது. காட்டுக்குள் வீசிய மது பாட்டில்கள் உடைந்து யானை உள்ளிட்ட விலங்குகளின் காலைக் கிழிக்கின்றன என்ற பிரச்சினை சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2022 மே மாதம் நீலகிரி டாஸ்மாக் கடைகளில் ஒரு ஏற்பாடு வந்தது. பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்க வேண்டும், காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். அவ்வளவுதான் திட்டம். பெரும்பாலான பாட்டில்கள் திரும்பின. குடித்தவர் கொண்டுவராவிட்டால் வேறொருவர் பொறுக்கிக் கொண்டுவந்தார். பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் இது பரவியது. கடை ஊழியர்கள் 'எங்களுக்குக் கூடுதல் வேலை, வைக்க இடமில்லை' என்று எதிர்த்தார்கள். அது நியாயமான குறை. ஆள் போட்டுத் தீர்க்க வேண்டிய குறை. ஆனால் பாருங்கள், போதையில் இருப்பவரிடம்கூடப் பத்து ரூபாய் கொண்டுவந்த ஒழுக்கத்தை, பேனரும் உறுதிமொழியும் எந்தக் காலத்திலும் கொண்டுவந்ததில்லை.

இது ஒன்றும் வெள்ளைக்காரன் கண்டுபிடித்ததும் அல்ல. கோலி சோடா குடித்தவர் பாட்டிலைக் கடையிலேயே வைத்துவிட்டுத்தான் நகர வேண்டும். கோலி சோடா பாட்டில் ஆற்றில் மிதந்து பார்த்தவர் உண்டா?

சட்டமே இல்லையா என்றால், நிறையவே இருக்கிறது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒரு முறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக்குகளுக்குத் தடை. பூக்காரம்மாவின் கவரைப் பிடுங்கினார்கள், தள்ளுவண்டிக்காரருக்கு அபராதம் போட்டார்கள். ஆலையிலிருந்தே அடைத்து வரும் பொட்டலங்களுக்கோ தடை வந்தபோதே விலக்கு கொடுத்திருந்தார்கள். மத்திய அரசின் 2016-ஆம் ஆண்டு விதிகள், தயாரித்தவரே பிளாஸ்டிக்கைத் திரும்ப எடுக்கப் பொறுப்பு என்கின்றன. 2022-ல் அதற்கு விரிவான வழிமுறையும் வந்தது. கம்பெனி தானே போய்ப் பொறுக்க வேண்டாம். மறுசுழற்சி செய்கிறவரிடம் சான்றிதழ் வாங்கிக் காட்டினால் போதும். விளைவு? 2023-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தணிக்கை செய்தபோது, சில மறுசுழற்சி நிறுவனங்கள் சுமார் 6 லட்சம் போலிச் சான்றிதழ்களை உருவாக்கியிருந்தது வெளியே வந்தது. பேப்பரில் குப்பை சுழன்றது. சேற்றில் அப்படியே கிடந்தது.

பேப்பரில் உள்ள கணக்கைப் பொய் என்று நிரூபிக்க என்ன வேண்டும்? சேற்றில் எடுத்த கணக்கு வேண்டும். அங்கேதான் அந்த இருநூறு மாணவர்கள் வருகிறார்கள்.

செப்டம்பர் மாதத் துப்புரவு நாளின் பிறப்பே கணக்கில்தான். 1986-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் கடற்கரையில் 2,800 பேர் இறங்கி இரண்டு மணி நேரத்தில் 124 டன் குப்பையை எடுத்தார்கள். எடுத்த ஒவ்வொரு பொருளையும் அட்டையில் குறித்தார்கள். தூக்கிப் போடுவதற்காக அல்ல, எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதற்காக. கப்பல்கள் கடலில் பிளாஸ்டிக் கொட்டுவதைத் தடுக்கும் சர்வதேச உடன்பாட்டை அமெரிக்கா ஏற்றது அடுத்த ஆண்டுதான். அந்த நாளின் டீ-ஷர்ட்டும் தொப்பியும் சென்னை வந்து சேர்ந்துவிட்டன. அட்டை மட்டும் வழியில் எங்கோ விழுந்துவிட்டது.

கணக்கு எழுதும் மாணவர்கள் சென்னையில் இல்லாமல் இல்லை. 1988 முதல் கடல் ஆமைப் பாதுகாப்பு மாணவர் குழுவினர் சீசன் முழுக்க இரவில் கடற்கரையில் நடக்கிறார்கள். எத்தனை முட்டை, எத்தனை குஞ்சு, எத்தனை ஆமை செத்து ஒதுங்கியது என்று எழுதி வைக்கிறார்கள். 2025 ஜனவரியில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்துக் கரை ஒதுங்கியபோது அது செய்தியாகி, தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே விசாரணைக்கு எடுத்தது. எண்ணுவதற்கு ஆள் இல்லாத கரையில் ஆமை செத்தால் அது வெறும் நாற்றம். எண்ணுகிற கரையில் செத்தால் அது வழக்கு.

ஆகையால் அடுத்த செப்டம்பரில் செய்ய வேண்டியது இது. ஐந்து பேருக்கு ஒரு அட்டை. நான்கு பேர் எடுக்கட்டும், ஒருவர் எழுதட்டும். பொருள் என்ன, எண்ணிக்கை என்ன, கம்பெனி எது. இதற்குத் துப்பறியும் சாம்பு எல்லாம் தேவையில்லை. ஒவ்வொரு பாக்கெட்டிலும் தயாரித்தவர் பெயர், முகவரி, வாடிக்கையாளர் சேவை எண் வரை அச்சடித்திருக்கிறது. சம்பவ இடத்தில் விசிட்டிங் கார்டை வைத்துவிட்டுப் போகும் குற்றவாளியை வேறு எங்கே பார்க்க முடியும்! எந்த வாய்க்கால் வாயில் அதிகம் சேர்கிறது என்றும் குறித்தால், எங்கே கம்பித் தடுப்பு வேண்டும் என்று மாநகராட்சிக்கே தெரியும். மாலையில் அந்தப் பட்டியலை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் கம்பெனிக்கும் அனுப்பட்டும். அடுத்த ஆண்டு அதே இடத்தில் அதே கணக்கு. மூன்று வருடக் கணக்கு கையில் இருந்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்க ஒழுங்கான கேள்வி கிடைக்கும், நீதிமன்றத்தில் வைக்க ஒரு தாள் கிடைக்கும். பட்டியலில் முதல் பத்து இடத்தில் வரும் கம்பெனியிடம் ஸ்பான்சர் காசு வாங்க மாட்டோம் என்று ஒரு கல்லூரி முடிவெடுத்தாலே போதும், பாதி சங்கதி வெளியே வந்துவிடும்.

எடுக்கும் முறையிலும் புத்தி வேண்டும். இருநூறு பேர் திமுதிமுவென்று சேற்றில் இறங்கினால், கவர் கொல்லாத நண்டைச் செருப்பு கொன்றுவிடும். ஓதம் இறங்கிய நேரத்தில், ஓரத்திலிருந்து, சின்னச் சின்னக் கூட்டமாக எடுக்க வேண்டும். வலசைப் பறவைகள் மேய்கிற மாதங்களில் சேற்றுத் திட்டுப் பக்கம் போகக் கூடாது. அடப்பங்கொடியைக் களை என்று நினைத்துப் பிடுங்கக் கூடாது. மணலைப் பிடித்து வைத்திருப்பதே அதுதான். ஒதுங்கிய கட்டையும் இலைச் சருகும் குப்பை அல்ல, அதற்கு அடியில் குடித்தனம் இருக்கிறது. பொக்லைன் விட்டு வழிக்கவே கூடாது. இதையெல்லாம் பத்து நிமிடம் சொல்லிக் கொடுக்க ஊரூர் குப்பத்துப் பெரியவர் ஒருவரைக் கூப்பிட்டால் போதும். மேடையில் அமைச்சருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி அவருக்கும் போடலாம்.

'ஆற்றின் பெரிய நோய் கழிவுநீர் ஆச்சே, கவரை எண்ணி என்ன ஆகப் போகிறது?' என்று ஒரு கேள்வி வரும். உண்மைதான், அடையாற்றின் பெரிய நோய் சாக்கடை. ஆனால் சாக்கடையைச் சுத்திகரிக்க நிலையம் கட்டும் வேலை மாணவன் கையில் இல்லை. அட்டையும் பேனாவும் அவன் கையில் இருக்கிறது. தவிர, கவர் நின்றால் வாய்க்கால் ஓடும். வாய்க்கால் ஓடினால் எந்தக் குழாய் திருட்டுத்தனமாகக் கழிவை விடுகிறது என்பதும் கண்ணுக்குத் தெரியும்.

'ஏதோ செய்கிறார்கள், ஒன்றுமே செய்யாததைவிட இது மேல் இல்லையா?' என்பது இன்னொரு கேள்வி. பாதிதான் மேல். ஒரு காலைப்பொழுது எடுத்ததில் சேறு சில வாரம் மூச்சு விடும். அந்தச் சில வாரமும் ஒரு பறவைக்குப் பெரிசு. ஆனால் கணக்கு இல்லாத துப்புரவுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. செய்தவருக்குத் திருப்தியைக் கொடுத்துவிடும். அந்தத் திருப்தியில் கேள்வி செத்துவிடும். கேள்வி சாகிற இடத்தில்தான் 6 லட்சம் போலிச் சான்றிதழ்கள் முளைக்கின்றன.

வருகிற செப்டம்பரிலும் பேருந்துகள் வரும். டீ-ஷர்ட்டின் நிறம் மாறியிருக்கும், லோகோ மாறியிருக்கும். உள்ளான் அதே சேற்றில், கவர் மூடாத இடமாகப் பார்த்துக் குத்திக்கொண்டிருக்கும். போட்டோவுக்குக் கூப்பிடும்போது இருநூறு பேரில் யாராவது ஒருத்தி, மூட்டையைக் கட்டுவதற்கு முன்னால், 'இருங்க சார், இன்னும் எண்ணி முடிக்கல' என்று சொல்லட்டும். அந்தக் கரை இத்தனை வருடமாகக் கேட்காத வார்த்தை அதுதான்.